பசியாற வந்த நான்கு பேர்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவிலிருந்து லூமுட்டுக்குப் போகும் சாலையில், சித்தியவானை எட்டுவதற்குச் சற்று முன்னால் வரும் சிறிய ஊர் ஆயர் தாவார். அங்கே ஓர் ஒட்டுக்கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். காலை நேரம். ஒரே மேசையில் நான்கு பேர் பசியாற உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் தமிழ்ப்பள்ளி ஆசிரியை, ஒருவர் லாரி ஓட்டுநர், ஒருவர் தாதி, ஒருவர் ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி. குடிக்க வந்தவை நான்கு: தே தாரேக், பால் சேர்க்காத தே ஓ, கோப்பி, மைலோ. சாப்பிட வந்தவையும் நான்கு: ரொட்டி சானாய், தோசை, நாசி லெமாக், வடை. ஆளுக்கு ஒரு பானம், ஆளுக்கு ஓர் உணவு. ஒருவர் வாங்கியதை இன்னொருவர் வாங்கவில்லை. யார் எதைக் குடித்தார், எதைச் சாப்பிட்டார்?

கடைக்காரர் ஆறு செய்திகள் மட்டும் சொல்கிறார்.

ஒன்று: ரொட்டி சானாய் சாப்பிட்டவர் கோப்பி குடித்தார்.
இரண்டு: ஆசிரியையும் தாதியும் கோப்பியைத் தொடவில்லை.
மூன்று: கிராணிக்குத் தே தாரேக்.
நான்கு: மைலோ குடித்தவர் சாப்பிட்டது தோசை.
ஐந்து: ஆசிரியை தோசை சாப்பிடவில்லை.
ஆறு: தே தாரேக் குடித்தவர் நாசி லெமாக் சாப்பிடவில்லை.

இதுதான் கட்டம் போட்டுத் தீர்க்கும் தர்க்கப் புதிர். விடுகதையில் விடை சட்டென்று மின்னும், அல்லது மின்னவே மின்னாது. இங்கே அப்படியில்லை. பொறுமையாகப் போனால் யாருக்கும் விடை வரும். கணக்கு வராது என்று சொல்லி ஒதுங்குபவர்களுக்கும் வரும், ஏனென்றால் இதில் கூட்டலும் இல்லை, பெருக்கலும் இல்லை. தேத்தண்ணி ஆறுவதற்குள் தீர்த்துவிடலாம். ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு கூடவே வாருங்கள்.

முதலில் எவ்வளவு பெரிய காட்டுக்குள் நுழைகிறோம் என்று பார்த்துவிடலாம். நான்கு பானங்களை நான்கு பேருக்கு 24 விதமாகப் பங்கிடலாம். நான்கு உணவுகளையும் 24 விதமாகப் பங்கிடலாம். இரண்டையும் சேர்த்தால் 24 தடவை 24, அதாவது 576 ஏற்பாடுகள். ஆறு குறிப்புகள் சேர்ந்து அவற்றில் 575-ஐ வெளியே தள்ள வேண்டும். மனத்துக்குள்ளேயே தள்ளப் பார்த்தால் தலை சுற்றும். கட்டம் இருந்தால் அந்த வேலையைத் தாள் பார்த்துக்கொள்ளும்.

கட்டம் போடுவது இப்படி. தாளின் இடப்பக்கம் நான்கு ஆட்களை ஒருவருக்குக் கீழ் ஒருவராக எழுதுங்கள். மேலே குறுக்காக நான்கு பானங்களை எழுதி, அவற்றை அடுத்து நான்கு உணவுகளை எழுதுங்கள். கோடு இழுத்தால் ஆட்களுக்கும் பானங்களுக்குமாக 16 கட்டங்கள், ஆட்களுக்கும் உணவுகளுக்குமாக இன்னொரு 16 கட்டங்கள் கிடைக்கும். இப்போது ஆட்கள் வரிசைக்குக் கீழே, இடப்பக்கத்தில், நான்கு உணவுகளை மறுபடியும் எழுதி, பானங்களின் கோடுகளைக் கீழே இறக்குங்கள். உணவுக்கும் பானத்துக்குமாக மூன்றாவது 16. மொத்தம் 48 கட்டங்கள். இந்த மூன்றாவது பகுதியைத்தான் புதிதாகத் தொடங்குபவர்கள் வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்கள். அதுதான் புதிரின் உயிர் என்பது சற்று நேரத்தில் தெரியும்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கட்டம் புதிதில்லை. கிராணி வைத்திருந்த செக்ரோல் என்ற வருகைப் புத்தகமும் இதே அமைப்புதான். இடப்பக்கம் வேலையாட்களின் பெயர், மேலே தேதிகள், பெரட்டு என்னும் காலை அணிக்கு வந்தவருக்கு ஒரு குறி, வராதவருக்கு ஒரு குறி. நாமும் இரண்டே குறிகள் வைத்துக்கொள்வோம். உறுதியாகப் பொருந்தினால் சரிக்குறி. உறுதியாகப் பொருந்தாவிட்டால் பெருக்கல் குறி. உறுதியில்லாத கட்டம் வெறுமையாகவே இருக்கட்டும்.

முதல் குறிப்பு: ரொட்டி சானாயும் கோப்பியும் சந்திக்கும் கட்டத்தில் சரிக்குறி. ஒரு சரிக்குறி விழுந்ததும், அந்தப் பகுதியில் அதே வரிசையிலும் அதே நெடுக்கிலும் மீதமுள்ள ஆறு கட்டங்களில் பெருக்கல் குறி போட்டுவிட வேண்டும். ரொட்டி சானாய்க்குக் கோப்பி என்றால் ரொட்டி சானாய்க்கு மைலோ இல்லை, கோப்பிக்குத் தோசை இல்லை. சொல்லத் தேவையில்லாத அளவுக்கு எளிமையாகத் தோன்றும். ஆனால் பாதிப் பேர் தடுமாறுவது இந்த ஆறு குறிகளைப் போடாமல் விட்டதால்தான்.

இரண்டாம் குறிப்பு: கோப்பியின் நெடுக்கில் ஆசிரியைக்கும் தாதிக்கும் பெருக்கல் குறி. மூன்றாம் குறிப்பு: கிராணிக்குத் தே தாரேக்கில் சரிக்குறி, வழக்கம்போல் சுற்றிலும் ஆறு பெருக்கல் குறிகள். இப்போது கோப்பியின் நெடுக்கை மேலிருந்து கீழே பாருங்கள். ஆசிரியை இல்லை, தாதி இல்லை, கிராணியும் இல்லை. மிஞ்சியவர் லாரி ஓட்டுநர். எந்தக் குறிப்பும் அவர் பெயரைச் சொல்லவே இல்லை, ஆனாலும் அவர் குடித்தது கோப்பிதான் என்று உறுதியாகிவிட்டது. கோப்பி குடித்தவர் சாப்பிட்டது ரொட்டி சானாய் என்று முதல் குறிப்பு சொல்லியிருக்கிறது. ஆகவே அவருடைய உணவும் முடிந்தது.

நான்காம் குறிப்பு மைலோவையும் தோசையையும் சேர்த்துவைக்கிறது. ஐந்தாம் குறிப்பில் நிதானம் தேவை. ஆசிரியை தோசை சாப்பிடவில்லை என்று மட்டும்தான் அது சொல்கிறது. பலர் அந்த ஒரு கட்டத்தில் பெருக்கல் குறி போட்டுவிட்டு, அடுத்து என்ன என்று விழிப்பார்கள். கீழே உள்ள மூன்றாவது பகுதியைப் பாருங்கள். தோசையும் மைலோவும் ஒரே ஆளுடையவை. தோசை ஆசிரியையுடையது இல்லை என்றால் மைலோவும் அவருடையது இல்லை. ஒரு பகுதியில் தெரிந்துகொண்டதை இன்னொரு பகுதிக்கு இப்படிக் கடத்தக் கற்றுக்கொண்டவருக்கு இந்த வகைப் புதிர் முழுவதும் திறந்துவிடும். கற்றுக்கொள்ள வேண்டிய பெரிய வித்தை இது ஒன்றுதான்.

இப்போது ஆசிரியைக்குத் தே தாரேக் இல்லை, கோப்பி இல்லை, மைலோ இல்லை. எனவே தே ஓ. மிச்சமிருக்கும் மைலோ தாதிக்கு, அதோடு தோசையும் அவருக்கே. நாசி லெமாக்கும் வடையும் மட்டும் மிச்சம். ஆட்களில் ஆசிரியையும் கிராணியும் மிச்சம். தே தாரேக் குடித்தவர் நாசி லெமாக் சாப்பிடவில்லை என்கிறது ஆறாம் குறிப்பு. ஆகவே கிராணிக்கு வடை, ஆசிரியைக்கு நாசி லெமாக். முடிந்தது. ஓரிடத்திலும் ஊகிக்கவில்லை. அதுதான் நல்ல புதிரின் இலக்கணம்: ஊகித்தால்தான் நகரும் என்ற நிலை வந்தால் ஒன்று நாம் எதையோ கவனிக்காமல் விட்டிருக்கிறோம், அல்லது புதிரைச் செய்தவர் விட்டிருக்கிறார்.

செய்தவர் எப்படி விடுவார் என்று பார்க்க, ஆறாம் குறிப்பை மட்டும் அழித்துவிடுங்கள். கிராணிக்கு வடை என்றாலும் சரியாக வரும், நாசி லெமாக் என்றாலும் சரியாக வரும். இரண்டு விடை உள்ள புதிர் புதிரே இல்லை. தீர்ப்பவரின் நேரத்தை வாங்கிக்கொண்டு ஏமாற்றுகிறது. இந்த ஒழுங்கு எல்லாக் கட்டப் புதிர்களுக்கும் பொது. சுடோகுவில் தொடக்கத்தில் குறைந்தது எத்தனை எண்கள் கொடுத்தால் ஒரே விடை வர முடியும் என்று பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 16 எண்கள் ஒருபோதும் போதாது, குறைந்தது 17 வேண்டும் என்று 2012-ல் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் கேரி மெக்குவயர் குழு கணினியை நெடுநாள் ஓடவிட்டு நிறுவியது.

சுடோகு என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும், என் வாதமே அங்கிருந்துதான் தொடங்குகிறது. அந்தப் புதிர் முதலில் அச்சானது ஜப்பானில் இல்லை, அமெரிக்காவில். 1979-ல் டெல் நிறுவனத்தின் புதிர் இதழில் வெளிவந்தது. அமைத்தவர் ஹோவர்டு கார்ன்ஸ் என்ற ஓய்வுபெற்ற கட்டடக் கலைஞர். 1984-ல் ஜப்பானின் நிக்கோலி நிறுவனம் அதை எடுத்து, இன்றைய பெயரின் மூலத்தை வைத்தது. ஹாங்காங்கில் நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற வெய்ன் கூல்ட் அதைத் தோக்கியோ புத்தகக் கடையில் கண்டு, புதிர்களை ஆக்கும் கணினி நிரல் எழுதி, லண்டன் டைம்ஸ் நாளிதழிடம் கொண்டுபோனார். 2004 நவம்பர் 12 அன்று அங்கே அச்சானது. அடுத்த ஓராண்டுக்குள் உலகின் எத்தனையோ நாளிதழ்களில் அதற்கு இடம் கிடைத்துவிட்டது. இத்தனை வேகத்துக்குக் காரணம், அதற்கு மொழி தேவையில்லை. ஒன்று முதல் ஒன்பது வரை தெரிந்தால் போதும். அமெரிக்காவில் பிறந்தது அப்படியே ஆயர் தாவாருக்கு வந்து சேரும்.

கதையோடு வரும் கட்டப் புதிர் அப்படி வராது. அது முழுக்க வாக்கியங்களால் ஆனது. உலகறிந்த உதாரணம் வரிக்குதிரைப் புதிர். 1962 டிசம்பர் 17 தேதியிட்ட லைஃப் இன்டர்நேஷனல் இதழில் வந்தது. வரிசையாக ஐந்து வீடுகள், ஐந்து வண்ணங்கள், ஐந்து நாட்டுக்காரர்கள், ஐந்து வளர்ப்பு விலங்குகள், ஐந்து பானங்கள், ஐந்து சிகரெட் வகைகள். 15 குறிப்புகள் தந்துவிட்டு, தண்ணீர் குடிப்பவர் யார், வரிக்குதிரை யாருடையது என்று கேட்டார்கள். 1963 மார்ச் 25 இதழில் விடை வந்தது: தண்ணீர் நார்வேக்காரருக்கு, வரிக்குதிரை ஜப்பானியருக்கு. நம் மேசையில் 576 ஏற்பாடுகள் என்றால் அங்கே 120-ஐ ஐந்து தடவை பெருக்க வேண்டும்: 2,488 கோடிக்கும் மேல். ஐன்ஸ்டைன் சிறுவயதில் உருவாக்கியது என்று அதைக் கைப்பேசியில் இன்றும் அனுப்புகிறார்கள். அதற்குச் சான்று ஏதும் கிடையாது.

அந்தப் புதிரின் கட்டுமானம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அதைத் தமிழில் சொல்லிக்கொடுக்கும்போது, செஸ்டர்ஃபீல்டு, கூல்ஸ் என்ற அந்தக் காலத்து அமெரிக்க சிகரெட் பெயர்களிலேயே கேட்பவரின் கவனம் சிதறிவிடும். பெயர்களை நினைவில் வைப்பதே ஒரு வேலையாகிவிட்டால் யோசிக்கத் தெம்பு எங்கிருந்து வரும்? தே தாரேக்கையும் மைலோவையும் யாரும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. சொன்னதும் கண்முன் வந்துவிடும். தெரிந்த பொருளில் மனம் சிரமமில்லாமல் தங்கிக்கொள்வதால், முழுக் கவனத்தையும் தர்க்கத்துக்குக் கொடுக்க முடிகிறது. பொழுதுபோக்காகத் தீர்ப்பவருக்குக் கருப்பொருள் தேவைப்படுவது இதனால்தான்.

கருப்பொருளைப் பிடுங்கிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்திய வங்கித் தேர்வுகள் சாட்சி. அவற்றின் தர்க்கப் பகுதியில் இதே வகைப் புதிர்கள் வருகின்றன: வட்ட மேசையைச் சுற்றி எட்டுப் பேர், சிலர் உள்நோக்கி, சிலர் வெளிநோக்கி, பெயர்களோ வெறும் எழுத்துகள். தமிழ்நாட்டில் அதற்காகப் பயிற்சி வகுப்புக்குப் போகிற இளைஞர்கள் ஏராளம். கடிகாரம் துரத்த, வேலைக்காகத் தீர்க்கும் அந்தப் புதிரை வீட்டில் யாரும் ஆசையாகத் திறந்து பார்ப்பதில்லை. மறுபக்கம் பாருங்கள். ஜி. டி. கார்பர் எழுதிய மர்டில் என்ற புத்தகம் 2023-ல் பிரிட்டனில் கிறிஸ்துமஸ் வாரத்தின் விற்பனையில் முதலிடம் பிடித்தது. உள்ளே இருப்பது நாம் மேலே போட்ட அதே கட்டம்தான். ஆட்களுக்குப் பதில் சந்தேகத்துக்குரியவர்கள், பானத்துக்குப் பதில் ஆயுதம், உணவுக்குப் பதில் கொலை நடந்த இடம். துப்பறியும் கதையை மேலே போர்த்தியதும் லட்சக்கணக்கானோர் பென்சில் எடுத்தார்கள்.

ஆனால் கருப்பொருளில் ஓர் ஆபத்து உண்டு. நம் ஆறாம் குறிப்பை இப்படி மாற்றிப் பாருங்கள்: கிராணி சைவம். ஆயர் தாவார்க்காரர் உடனே கிராணிக்கு வடையைக் கொடுத்துவிடுவார். நாசி லெமாக் என்றால் நெத்திலிச் சம்பலோடு வருவது என்று அவருக்குத் தெரியும். இதையே தஞ்சாவூரில் ஒருவர் படித்தால், தேங்காய்ப்பால் ஊற்றிய சோறு சைவம்தானே என்று நின்றுவிடுவார். இங்கேயே இன்னொருவர் சைவ நாசி லெமாக் விற்கும் கடைகளும் உண்டே என்று கேட்பார், அவர் கேட்பதும் நியாயம். அந்த ஒரே சொல்லால் தர்க்கப் புதிர் பொது அறிவுக் கேள்வியாகிவிட்டது. ஊர்ச்செய்தி புதிரின் நிறமாக இருக்கலாம், சாவியாக இருக்கக் கூடாது. சாவியாக வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், இந்தக் கடையின் நாசி லெமாக்கில் நெத்திலி உண்டு என்று முன்னுரையிலேயே சொல்லிவிட வேண்டும். இதில் நான் கொஞ்சம் கண்டிப்பானவன். தீர்ப்பவர் தோற்றால் தன் யோசனைப் பிழையால் தோற்க வேண்டும். வேறு ஊரில் பிறந்ததால் தோற்கக் கூடாது.

நீங்களே ஒன்று செய்து பார்க்க விரும்பினால் விடையிலிருந்து தொடங்குங்கள். யாருக்கு எது என்று முதலில் முடிவு செய்து எழுதிவைத்துவிட்டு, அதிலிருந்து குறிப்புகளைப் பிறப்பியுங்கள். இன்னாருக்கு இது என்று நேராகச் சொல்வது ஒன்றிரண்டுக்கு மேல் வேண்டாம். இன்னாருக்கு இது இல்லை என்பதும், இது வைத்திருந்தவர்தான் அதையும் வைத்திருந்தார் என்பதும்தான் சுவை கூட்டும் குறிப்புகள். பிறகு வெற்றுக் கட்டம் ஒன்றை எடுத்து, விடையே தெரியாதவர்போல நீங்களே தீர்த்துப் பாருங்கள். அதன்பின் ஒவ்வொரு குறிப்பாக எடுத்துவிட்டுத் தீர்த்துப் பாருங்கள். எடுத்த பிறகும் அதே ஒரே விடை வந்தால் அந்தக் குறிப்பு மிகை. முதல் முறை தீர்ப்பவர்களுக்கு ஒன்றிரண்டு மிகை இருந்தால் தவறில்லை, கைப்பிடிபோல் உதவும். அளவைப் பொறுத்தவரை நான்கு பேர், மூன்று வகை போதும். ஐந்துக்கு ஐந்து போனாலே பொழுதுபோக்கு என்ற எல்லையைப் பலருக்குத் தாண்டிவிடும்.

கருப்பொருளுக்கு நமக்கா பஞ்சம்? பேராக்கில் ரப்பர் போய் செம்பனை வந்த தோட்டங்களில் நிரை, மங்கு, ஒட்டுப்பால், பால் ஸ்டோர் என்ற சொற்களை இன்றைய பிள்ளைகள் பாட்டி தாத்தா வாயில்தான் கேட்கிறார்கள். பால்மரம் வெட்டுபவர்கள் நால்வர், நான்கு நிரைகள், நான்கு வாளி அளவுகள் என்று ஒரு புதிர் செய்தால், பிள்ளை குறிப்பைப் படித்துவிட்டு மங்கு என்றால் என்ன என்று தாத்தாவிடம் கேட்கும். தைப்பூசத்துக்கு எந்தக் குடும்பம் எந்த வண்டியில் ஈப்போ போனது, தீபாவளிக்கு யார் வீட்டில் எந்தப் பலகாரம், பள்ளி விளையாட்டுப் போட்டியில் எந்த இல்லம் எந்தப் பரிசு என்று எதை வேண்டுமானாலும் கட்டத்தில் உட்காரவைக்கலாம். தமிழில் இதற்கு முன்மாதிரியும் இருக்கிறது. 1930-களில் வாசன் நடத்திய ஆனந்த விகடன் இதழ் குறுக்கெழுத்துப் போட்டி வைத்தபோது வாசகர்கள் பென்சிலோடு காத்திருந்தார்கள். வெளியிலிருந்து வந்த ஒரு கட்டத்தைத் தமிழ்ச் சொற்களால் நிரப்பி நமதாக்கிக்கொண்டோம். தர்க்கக் கட்டத்துக்கு அந்த வேலை பெரிய அளவில் இன்னும் நடக்கவில்லை.

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளுக்கு இது நல்ல நேரம். ஆறாம் ஆண்டு மாணவர்களை வருத்திய யூ.பி.எஸ்.ஆர். தேர்வை அரசு 2021-ல் நீக்கிவிட்டது. உயர்நிலைச் சிந்தனைத் திறன் வேண்டும் என்ற பேச்சோ வகுப்பறைகளில் பல ஆண்டுகளாக உண்டு. புள்ளி போடாத ஒரு பாடவேளையில், இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து, ஒரு தாளில் ஒரு புதிர் கொடுத்துப் பாருங்கள் என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். விடையைவிட, எந்தக் குறிப்பால் அது உறுதியாயிற்று என்று பக்கத்துப் பிள்ளைக்குச் சொல்லவைப்பதுதான் முக்கியம். தமிழில் காரணம் சொல்லிப் பழக அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. நாளிதழ் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ஞாயிறு மாணவர் பக்கத்தில் கால் பக்கம் ஒதுக்குங்கள், விடையை அடுத்த வாரம் போடுங்கள்.

உங்களுக்கும் ஒன்று வைத்திருக்கிறேன். வரிக்குதிரைப் புதிரின் சிறிய தங்கை இது. லயத்தில் வரிசையாக நான்கு வீடுகள், குழாயடிப் பக்கத்திலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. வீட்டுக்கு ஒரு வளர்ப்பு: ஆடு, மாடு, கோழி, வாத்து. வீட்டுக்குப் பின்னால் ஒரு மரம்: வாழை, முருங்கை, பப்பாளி, கறிவேப்பிலை. முருங்கை இரண்டாம் வீட்டில். வாத்து நான்காம் வீட்டில். ஆடு வளர்ப்பவர் வீட்டில்தான் பப்பாளி. மாடு இருக்கும் வீட்டை ஒட்டி, குழாயடிப் பக்கமாக இருக்கும் வீட்டில் வாழை. குறிப்புகள் இந்த நான்குதான், விடை ஒன்றுதான். கோழியும் கறிவேப்பிலையும் எந்தெந்த வீட்டில் என்று கண்டுபிடியுங்கள். ஆடு எந்த வீடுகளில் இருக்கவே முடியாது என்பதிலிருந்து தொடங்கினால் வழி கிடைக்கும்.